கட்டுப்பாடும் வேண்டும், மாற்றுவழியும் வேண்டும்

(நயினாதீவு விழாக்காலப் படகுப் பயணம் பற்றித் தீவகப் பொதுக்கூட்டமொன்றில் ஆற்றப்பட்ட உரை)



ஆனி மாதம் வந்துவிட்டால் யாழ்ப்பாணத்து வீதிகளெல்லாம் குறிகாட்டுவானை நோக்கித் திரும்பிவிடுகின்றன. நயினாதீவு நாகபூஷணி அம்மன் ஆலயத்தின் 16 நாள் பெருவிழாவைக் காண வன்னியிலிருந்து வருகின்றனர்; திருகோணமலையிலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் வருகின்றனர்; மலையகத்துத் தோட்டங்களிலிருந்து வருகின்றனர்; கடல் கடந்து குடியேறிய நம் மக்களும் பிள்ளைகளோடு வருகின்றனர். வேலணையையும் புங்குடுதீவையும் கடந்து வரும் தரைவழி குறிகாட்டுவான் இறங்குதுறையில் முடிந்துவிடுகிறது. அதற்கப்பால் படகைத் தவிர வேறு வழியில்லை.

அம்பிகைக்கு மலர் ஏந்திப் புளியந்தீவிலிருந்து கடலை நீந்திவந்த நாகத்தைப் பற்றிய ஐதீகத்தை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். கடலைக் கடந்து வருவது இந்தத் தலத்தின் வழிபாட்டோடு பிரிக்கமுடியாதபடி பிணைந்தது. ஆகவே, விழாக்காலத்தில் அந்தக் கடற்பாதைக்குக் கட்டுப்பாடு விதிக்கவேண்டும் என்று ஒருவர் சொன்னால், மக்கள் முகம் சுளிப்பது இயல்பே. இவ்வளவு பேரைத்தான் ஏற்றலாம், இன்ன நேரத்துக்குப் பின் படகு புறப்படலாகாது, காற்று மிகுந்தால் பயணம் நிறுத்தப்படும் என்று சொன்னால், பக்திக்கு வேலி கட்டுகிறார்கள் என்று யாத்திரிகர் நினைக்கின்றனர். எங்கள் அன்றாட வாழ்வுக்கே வேலி கட்டுகிறார்கள் என்று தீவு மக்கள் நினைக்கின்றனர். இவ்விரு முறைப்பாடுகளையும் ஒதுக்கித் தள்ளிவிட முடியாது. இரண்டுக்கும் நேர்மையான விடை வேண்டும்.

முதலில் கட்டுப்பாடு ஏன் என்பதைப் பார்ப்போம்.

விழா நடைபெறும் ஆனி மாதம் சோழகக் காற்று வீசும் காலம். தென்மேற்கிலிருந்து வரும் அக்காற்று தீவுகளுக்கிடையேயுள்ள நீரைக் குறுகிய, கூரிய அலைகளாகக் கிளப்பிவிடும். ஆண்டிலே மக்கள் கூட்டம் மிகுதியாகப் படகேறும் நாட்களும், காற்று மிகுதியாக வீசும் நாட்களும் ஒன்றாகவே வந்து சேருகின்றன. ஆழங்குறைந்த கடல்தானே, 20 நிமிடப் பயணந்தானே என்று சிலர் சொல்லலாம். ஆழங்குறைந்த கடல் எவருக்கும் பாதுகாப்பு ஆகாது. பட்டுச்சேலை உடுத்திய தாய், கையிலே குழந்தை, படகின் அடிப்பகுதியிலே நெருக்கி அமர்ந்திருக்கும் முதியவர்கள், மேலே ஏறிவர ஒடுங்கிய ஒரு படிக்கட்டு. இந்நிலையில் படகு கவிழ்ந்தால், நீர் எத்தனை அடி ஆழம் என்ற கணக்கு எவருக்கு உதவும்?

படகு ஏன் கவிழ்கிறது என்பதைக் கமக்காரருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. உழவு இயந்திரப் பெட்டியில் நெல்மூடைகளைத் தாழ அடுக்கினால் அது வரம்பின் மேடு பள்ளத்தைத் தாங்கிப் போகும். அதே பெட்டியில் வைக்கோலை உயரக் குவித்தால் ஒரு சிறு சரிவிலேயே சாய்ந்துவிடும். பாரம் எவ்வளவு என்பது ஒரு கேள்வி. பாரம் எங்கே இருக்கிறது என்பது அதனினும் பெரிய கேள்வி. படகிலே அமர்ந்திருப்பவர் எழுந்து நின்றால் பாரம் உயருகிறது. கோபுரம் தெரிகிறதென்று எல்லோரும் ஒரு பக்கமாக ஒதுங்கினால் பாரம் இடம்மாறுகிறது. அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றினால் படகின் விளிம்பு நீர்மட்டத்தை நெருங்குகிறது. அலை ஒன்று உள்ளே புகுந்தால், அந்த நீரும் சாய்ந்த பக்கத்துக்கே ஓடி, மேலும் சாய்க்கிறது. அப்பொழுது படகோட்டியின் ஐம்பதாண்டு அனுபவமும் பயன்தராது.

2009ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள் கேரளத்துத் தேக்கடி ஏரியில் சுற்றுலாப் படகொன்று கவிழ்ந்து 45 பேர் இறந்தனர். அங்கே புயல் அடிக்கவில்லை, கடல் கொந்தளிக்கவில்லை. ஏரிநீரிலேயே அந்தப் படகு கவிழ்ந்தது. ஏரியில் நேர்ந்தது சோழகம் வீசும் கடலில் நேராது என்று சொல்லத்தக்க துணிவு எவருக்கு உண்டு?

ஆகவே விழாக்காலக் கட்டுப்பாடு வேண்டும். எத்தகைய கட்டுப்பாடு? ஒவ்வொரு படகும் எத்தனை பேரை ஏற்றலாம் என்பதை அறிந்தோர் பரிசோதித்து அளவிடவேண்டும். அந்த எண்ணைப் படகின் பக்கத்திலே தூரத்திலிருந்தும் தெரியும்படி எழுதவேண்டும். மடியிலிருக்கும் குழந்தையும் ஓர் உயிரென்று எண்ணப்படவேண்டும். ஏறுகின்ற ஒவ்வொருவருக்கும் உயிர்காப்பு அங்கி வேண்டும். அது மூலையிலே குவிந்து கிடந்தால் போதாது, உடலிலே கட்டப்பட்டிருக்கவேண்டும். ஆட்கள் ஏறும் படகிலே அரிசி மூடையும் எரிவாயுக் கொள்கலனும் ஏறலாகாது. பயணப் படகுகள் செல்லும் பாதையிலே மீன்பிடி வள்ளங்களும் விரைவுப் படகுகளும் அந்நாட்களில் குறுக்கிடலாகாது. மக்கள் நீராடும் கரையருகே இயந்திரப் படகு நெருங்கலாகாது. காற்று எல்லை மீறினால் பயணத்தை நிறுத்தும் அதிகாரம் ஒருவரிடம் இருக்கவேண்டும். அவர் யார் என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்கவேண்டும். பத்துப் பேரிடம் அதிகாரம் இருந்தால், விபத்துக்குப் பின் பத்துப் பேரும் மற்ற ஒன்பது பேரைச் சுட்டிக்காட்டுவார்கள்!

ஆனால், பெருமக்களே, விதி எழுதுவது எளிது. அதன் சுமையை யார் தோளில் வைக்கிறோம் என்று பார்ப்பதே நீதி.

யாத்திரிகருக்கு இந்தக் கடல் ஒருநாட் பயணம். நயினாதீவு மக்களுக்கோ அது அன்றாட வீதி. விழா நாளிலும் ஒரு தாய்க்குப் பிரசவ வேதனை வரும். விழா நாளிலும் அரசாங்க ஊழியர் கடமைக்குப் போகவேண்டும். மாணவன் மறுகரைக்குப் போகவேண்டும். கடைக்காரர் பொருள் கொண்டுவரவேண்டும். ஒரு படகில் நூறு பேர் ஏறிய இடத்தில் அறுபது பேரே ஏறலாம் என்று விதித்துவிட்டு, படகுகளின் தொகையைக் கூட்டாமல் விட்டால் நிகழ்வது என்ன? நாற்பது பேர் வெயிலிலே இறங்குதுறையில் நிற்பார்கள். அந்த நாற்பது பேரிலே தீவின் நோயாளியும் ஒருவராக இருப்பார். அங்கே நெரிசல் உண்டாகும், தள்ளுமுள்ளு உண்டாகும், கடைசியில் விதியை இயற்றியவர்களே விதியைத் தளர்த்துவார்கள். மாற்றுவழி இல்லாத தடை இப்படித்தான் தன்னைத் தானே தோற்கடித்துக்கொள்கிறது.

எனவே, கட்டுப்பாட்டை ஏற்பதற்கு ஈடாக நாம் கேட்கவேண்டியவை சில உண்டு. தீவு மக்களுக்கென்று ஒவ்வொரு வேளையும் தனிப்படகு அல்லது தனி ஆசனங்கள் வேண்டும். நோயாளிகளுக்கென்று எந்நேரமும் ஆயத்தமாக ஒரு படகு வேண்டும். அன்னதானத்துக்கு அரிசியும் மரக்கறியும் அனுப்பும் கமக்காரருக்குப் பொருட்படகு வேண்டும். அது புறப்படும் நேரம் முன்கூட்டியே அறிவிக்கப்படவேண்டும். வாடி வதங்கிய கீரையைக் குறிகாட்டுவானிலிருந்து திருப்பிக் கொண்டுபோக எந்தக் கமக்காரனும் பயிரிடவில்லை. தொழிலுக்குச் செல்லும் பாதை சில நாட்கள் மூடப்பட்டால், அதைக் கடற்றொழிலாளருக்கு முதல்நாள் மாலையிலே ஒலிபெருக்கியில் சொல்வது போதாது. வாரக்கணக்கில் முன்னரே அவர்களது சங்கங்களை அழைத்துப் பேசி, எந்த வழி திறந்திருக்கும் என்று முடிவுசெய்யவேண்டும். குறைவாக ஆட்களை ஏற்றும் படகோட்டிக்கு வருமானமும் குறையும். அவனது எரிபொருட் செலவு குறையாது. அந்த நட்டத்தை அவன் ஒருவனே சுமக்கவேண்டுமென்றால், அதிகாரி திரும்பிப் பார்க்காத வேளையில் இன்னும் பத்துப் பேரை ஏற்றவே அவன் மனம் நாடும். நேர்மையாக நடப்பவன் நட்டப்படாதபடி கட்டணத்தையும் உதவியையும் ஒழுங்குசெய்வது அரசாங்கத்தின் கடமை.

அறிவித்தல்களின் மொழி பற்றியும் ஒரு சொல். 1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தால் தமிழும் இந்நாட்டின் ஆட்சிமொழி. உயிரைக் காக்கும் அறிவித்தல், அந்த உயிருக்குரியவன் படிக்கும் மொழியிலே, பிழையற்ற தமிழிலே, பெரிய எழுத்திலே இருக்கவேண்டும். அதுபோலவே, நயினாதீவிலுள்ள நாக விகாரைக்கு வரும் சிங்கள யாத்திரிகருக்கு அவர்களுடைய மொழியிலும் இருக்கவேண்டும். அலை எவருடைய மொழியையும் சமயத்தையும் கேட்டுப் புரட்டுவதில்லை. ஆனி விழாவுக்கு ஒரு விதி, வெசாக்குக்கு ஒரு விதி என்று இருத்தலாகாது. ஒரே கடலுக்கு ஒரே விதி. அதைச் செயற்படுத்தும் கையும் ஒரே கையாக இருக்கவேண்டும்.

இனி, நான் முக்கியமாகச் சொல்ல வந்த விடயத்துக்கு வருகிறேன்.

கேரளத்தின் ஆலப்புழையிலே புன்னமடை ஏரியில் நேரு கிண்ணப் படகுப் போட்டி நடைபெறுகிறது. 1952ஆம் ஆண்டு பிரதமர் நேருவின் வருகையையொட்டித் தோன்றிய விழா அது. அந்நாளிலே போட்டிப் பாதையில் வேறெந்தப் படகும் நுழையலாகாதென்று மாவட்ட ஆட்சியர் ஆணையிடுகிறார். மீறி நுழையும் படகுகள் மீது நடவடிக்கை எடுக்கப்படுகிறது. பெருங்கூட்டம் கூடும் அந்த நீரிலே ஒழுங்கு நிலைநாட்டப்படுகிறது. அதே கேரளத்திலே, தானூரிலே, 2023ஆம் ஆண்டு மே 7ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை இருள் சூழ்ந்த வேளையில், அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றிச் சென்ற உல்லாசப் படகு கவிழ்ந்தது. மீன்பிடிப் படகாக இருந்ததை மாற்றியமைத்த படகு அது. 22 பேர் இறந்தனர். அவர்களிற் பெரும்பாலோர் சிறுவர்கள். அங்கே விழா இல்லை. ஆகையால் காவலும் இல்லை. விழாவிலே நீரை ஆளத் தெரிந்த அரசுக்கு, ஒரு சாதாரண ஞாயிறு மாலையிலே அதை ஆளக் கை வரவில்லை!

கேரளம் வரை போவானேன்? நம் திருகோணமலை மாவட்டத்துக் கிண்ணியாவை எண்ணிப் பாருங்கள். குறிஞ்சாக்கேணிப் பாலத்தின் கட்டுமான வேலை நடந்துகொண்டிருந்தபோது, மக்கள் நீரைக் கடக்க மிதவைப் பாதை ஒன்றே இருந்தது. 2021ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் காலையில் அது கவிழ்ந்தது. பள்ளிக்குப் புறப்பட்ட சிறுவர்கள் உட்பட மனிதர்கள் மாண்டனர். அன்று கொடியேற்றமும் இல்லை, தேரும் இல்லை. அது ஒரு செவ்வாய்க்கிழமை. பிள்ளைகள் பள்ளிக்குப் போனார்கள், அவ்வளவுதான்.

இவ்விரண்டு நிகழ்ச்சிகளும் நமக்கு உணர்த்துவது ஒன்றே. விழாக்காலத்துக்கென்று மட்டும் வந்து, கொடி இறங்கியவுடன் பெட்டிக்குள் மடித்து வைக்கப்படும் பாதுகாப்பு, விழாவைக் காக்கும், மக்களைக் காக்காது. 16 நாட்களுக்கு உயிர்காப்பு அங்கி வேண்டுமென்றால் மற்ற 349 நாட்களுக்கு ஏன் வேண்டாம்? தூரத்திலிருந்து வரும் விருந்தினரின் உயிருக்கு ஒரு விலை, நாள்தோறும் கடல் கடக்கும் தீவுப் பிள்ளையின் உயிருக்கு வேறொரு விலையா? விருந்தினர் முன்னே வீட்டை அலங்கரித்து, அவர்கள் போனபின் பிள்ளைகளைப் பட்டினி போடும் குடும்பத்தை நாம் மதிப்போமா?

ஆகவே, தற்காலிகமானவை எவை, நிலையானவை எவை என்று பிரித்து வைப்போம். பாதையை மூடுவதும், வள்ளங்களை விலக்குவதும், வரிசைகளை அமைப்பதும் தற்காலிகம். அவை விழாவோடு முடியட்டும். ஒருநாள் கூடுதலாகவும் அவற்றை நீட்டி, கடற்றொழிலாளரின் வயிற்றில் அடித்தலாகாது. ஆனால் படகின் பரிசோதனை, ஆட்தொகையின் எல்லை, உயிர்காப்பு அங்கி, காற்று எச்சரிக்கை, நோயாளிப் படகு ஆகியவை நிலையானவை. அவை நெடுந்தீவுக்கும், அனலைதீவுக்கும், எழுவைதீவுக்கும் ஆண்டு முழுவதும் உரியவை.

இதிலே நமக்கும் கடமை உண்டு. எல்லாவற்றையும் அரசாங்கத்தின் தலையில் சுமத்திவிட்டு நாம் வேடிக்கை பார்க்க முடியாது. பொறியியலாளர்களே, படகுகளின் உறுதியைக் கணக்கிட்டுச் சொல்ல உங்கள் விடுமுறையில் இரண்டு நாள் தாருங்கள். வைத்தியர்களே, நீரில் மூழ்கியவருக்குச் செய்யும் முதலுதவியைப் படகோட்டிகளுக்கும் தொண்டர்களுக்கும் பழக்குங்கள். சட்டத்தரணிகளே, அறிவித்தல்கள் வெளிவருமுன் அவற்றைப் படித்து, யாருக்கு அநீதி நேர்கிறது என்று சொல்லுங்கள். ஆசிரியர்களே, கடல் சூழ்ந்த ஊரில் நீந்தத் தெரியாத பிள்ளை வளர்வது நமக்கு அழகன்று. கமக்காரர்களே, அன்னதானப் பொருட்களைக் கொடியேற்றத்துக்கு முன்னரே சங்கங்களின் வாயிலாக ஒன்றுசேர்த்து அனுப்ப ஒழுங்குசெய்யுங்கள். தேர்நாட் காலையில் ஒரு மூடை குறைந்தால் படகில் ஒரு குழந்தைக்கு இடம் கிடைக்கும்.

யாத்திரிகர்களாகிய நம் எல்லோருக்கும் ஒரே வேண்டுகோள். படகு நிறைந்துவிட்டது என்று சொன்னால் அடுத்த படகுக்குக் காத்திருப்போம். “எனக்குத் தெரிந்தவர் இருக்கிறார்” என்று சொல்லி முன்னே புகாதிருப்போம். அம்பாள் எங்கும் போய்விடமாட்டாள். அரை மணி தாமதித்து வந்த அடியவனுக்கு அவள் அருளைக் குறைப்பதுமில்லை.

கட்டுப்பாட்டை நாம் எதிர்க்கவில்லை, கேட்டு வாங்குகிறோம். ஆனால் அதனோடு சேர்த்து மாற்றுவழியையும் கேட்கிறோம். அது நம்மோடு பேசி இயற்றப்படவேண்டும். நம் மொழியில் அறிவிக்கப்படவேண்டும். எல்லோருக்கும் சமமாக நடத்தப்படவேண்டும். கொடி இறங்கிய மறுநாட் காலையிலும் குறிகாட்டுவானில் முதற்படகு ஏறும் பள்ளிப் பிள்ளையின் தோளிலே ஓர் உயிர்காப்பு அங்கி இருக்கவேண்டும். அதைப் பெறும்வரை ஒன்றுபட்டுக் கேட்போம்.