மழையை அறியும் துடைப்பான்



நான் பள்ளியில் பௌதிகம் கற்பித்த நாளில், 'முழு அகப் பிரதிபலிப்பு' என்னும் பாடத்தை ஆண்டுதோறும் நடத்தியதுண்டு. ஒரு முறை பின்வரிசை மாணவன் ஒருவன் எழுந்து, "இதனால் நமக்கு என்ன பயன், ஐயா?" என்று வினவினான். வைரத்தின் ஒளியையும் கானல்நீரையும் புத்தகத்தில் கண்டபடி கூறி, அவனை அமரச் செய்தேன். அவனுக்கு நிறைவில்லை; உண்மையைச் சொன்னால் எனக்குந்தான் இல்லை. நல்ல விடை, ஓய்வு பெற்றபின் ஒரு மழைநாளில் கிட்டியது.

ஐப்பசி மாதம். என் மருமகப்பிள்ளை காரை ஓட்ட, திண்டிவனத்திலிருந்து சென்னைக்கு வந்துகொண்டிருந்தோம். தூறல் விழுந்தது. அவர் எந்த விசையையும் தொடவில்லை; முகப்புக் கண்ணாடியின் துடைப்பான் தானே எழுந்து, ஒரு முறை துடைத்துவிட்டுப் படுத்துக்கொண்டது. மழை வலுக்க வலுக்க, அதன் வேகமும் கூடிற்று. அமெரிக்காவில் மேரி ஆண்டர்சன் என்னும் பெண்மணி 1903-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்ற துடைப்பானை, வண்டிக்குள்ளிருந்து கையால் நெம்புகோலை அசைத்து இயக்க வேண்டியிருந்தது. இதற்கோ கையே வேண்டியதில்லை!

இதற்கு மழையைக் காட்டுவது யார்? பின்புறம் பார்க்கும் கண்ணாடியின் மறைவில், முகப்புக் கண்ணாடியின் உட்புறத்தே ஒரு சிறு பெட்டி ஒட்டப்பட்டுள்ளது. கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்புக் கதிர்களை அது கண்ணாடிக்குள் ஏறத்தாழ 45 பாகைச் சாய்வில் செலுத்துகிறது. கண்ணாடிக்கு வெளியே காற்று மட்டும் இருந்தால், 42 பாகையைத் தாண்டிச் சாய்ந்துவரும் ஒளி வெளியேற இயலாது. முழுவதும் உள்ளே திரும்பி, பெட்டியிலுள்ள ஒளியுணர்வானை வந்தடையும். அவ்விடத்தில் ஒரு நீர்த்துளி விழட்டும். கண்ணாடிக்கும் நீருக்கும் இடையே அந்த எல்லை 62 பாகையளவுக்கு உயர்ந்துவிடுகிறது. ஆகவே, 45 பாகையில் வரும் கதிர் துளியின் வழியே வெளியே நழுவிவிடும். திரும்பும் ஒளி எவ்வளவு குறைகிறதோ, அவ்வளவு விரைவாகத் துடைப்பான் இயங்கும்.

வீட்டிலேயே இதைச் சோதித்துப் பார்க்கலாம். கண்ணாடித் தம்ளரில் நீர் ஊற்றி, மேலிருந்து நீரின் வழியாக எதிர்ப்பக்கச் சுவரை நோக்குங்கள். சுவர் வெள்ளி பூசியதுபோல் மின்னும். சற்றே ஈரமான விரலை வெளியிலிருந்து அழுத்துங்கள். உங்கள் விரல் ரேகைகள் மட்டும் அந்த வெள்ளியைக் கிழித்துக்கொண்டு தெரியும். அன்று அந்த மாணவன் கையில் ஒரு தம்ளரைக் கொடுத்திருக்கலாம், எனக்குத் தோன்றவில்லை.

ஒன்றை மறவாதீர்கள்: இக்கருவி மழையைக் காண்பதில்லை, ஒளி குறைவதை மட்டுமே காண்கிறது. அதுவும் இரண்டு மூன்று விரலகல இடத்தில். ஓட்டுநரின் கண்ணெதிரே துளிகள் நிறைந்திருக்கும். அந்தச் சிற்றிடத்தில் ஒரு துளியும் விழாதிருந்தால், துடைப்பான் சும்மா கிடக்கும். லாரி வாரியிறைத்த சேறு அங்கே பட்டாலோ, மழையென்று எண்ணிச் சேற்றைக் கண்ணாடி முழுதும் பூசிவைக்கும். எங்களுக்கே அது நேர்ந்தது. சில விநாடிகள் சாலையே தெரியவில்லை. மருமகப்பிள்ளை நீர் பீய்ச்சும் விசையை இழுத்ததால் தப்பினோம். வண்டியைக் கழுவும்போது இதன் விசையை நிறுத்திவிட வேண்டும். ஈரத்துணியால் நான் கண்ணாடியைத் துடைக்கப்போய், விரலில் அடி வாங்கியவன்!

பின்னொரு நாள் கல் பட்டுக் கண்ணாடி விரிந்தது. ஒரு பட்டறையில் புதிது பொருத்தினார்கள். அன்றுமுதல் துடைப்பான் சுட்டெரிக்கும் வெயிலில் துடைத்தது, மழையில் உறங்கிற்று. "கருவி கெட்டுவிட்டது, வேறு வாங்க வேண்டும்" என்றார்கள். "மாமா, வாங்கிவிடலாமா?" என்று மருமகப்பிள்ளை கேட்டார். பெட்டிக்கும் கண்ணாடிக்கும் இடையே பசைபோன்ற, ஒளி புகும் மெல்லிய படலம் ஒன்று உண்டு. அங்கே காற்று புகுந்தால், கதிர் செல்லும் வழி கெடும் என்பது என் ஐயம். வேறொரு பட்டறையில் பெட்டியைக் கழற்றச் சொன்னேன். படலத்தினுள் ஒரு காற்றுக்குமிழி இருந்தது, அரிசியளவுதான். படலத்தை மட்டும் மாற்றினார்கள். பழைய கருவியே இன்றும் வேலை செய்கிறது.