ஐசியூவில் ஒன்பது சாஷே

கொட்டச்சேட்டுல இருக்கிற என் சித்தப்பா நிமோனியா வந்து சேலத்துல ஐசியூவுல கிடந்தார். ரத்தப் பரிசோதனையில வைட்டமின் டி ரொம்பக் கம்மி. "ஆயுசு முழுக்க காப்பித் தோட்டத்து நிழல்லயும் பனிமூட்டத்துலயும் இருந்த மனுஷன், அதான். டாக்டர் ஏன் அதைக் கொடுக்க மாட்டேங்கிறார்?"னு சித்தி என்கிட்ட சண்டைக்கு வந்துட்டாங்க.

நியாயமான கேள்விதான். டி குறைவா இருக்கிற ஐசியூ நோயாளிகள்ல இறப்பு அதிகம்னு பல ஆய்வுகள் சொல்லுது. அப்ப கொடுத்தா பிழைப்பாங்களா?

ஆஸ்திரியாவின் கிராஸ் நகரத்துல 5,40,000 யூனிட் கொடுத்துப் பார்த்தாங்க. நம்ம மெடிக்கல்ல விக்கிற 60,000 யூனிட் சாஷேல ஒன்பது! முடிவு 2014-ல வந்தது: ஆஸ்பத்திரி நாள் குறையல. ஆனா டி மிகமிகக் குறைஞ்சவங்கள்ல மட்டும் இறப்பு கம்மியா இருந்தது. எல்லாரும் அதைப் பிடிச்சுக்கிட்டாங்க. 2019-ல அமெரிக்காவோட 'வயலட்' ஆய்வு, குறைபாடு உள்ள ஆயிரத்துக்கும் மேற்பட்டவங்ககிட்ட அதே அளவு. 90 நாளுக்குள்ள இறந்தவங்க, மருந்து எடுத்தவங்கள்ல 23.5 சதவீதம், வெறும் டம்மி மருந்து எடுத்தவங்கள்ல 20.6. வித்தியாசம் தற்செயலா இருக்கலாம். ஆனா பலன் இல்லை. மிகமிகக் குறைஞ்சவங்களுக்கும் இல்லை.

காரணம்? கடும் நோய்ல, டியைச் சுமக்கிற புரதம் குறையும். சலைன் ஏத்துனா ரத்தம் நீர்த்துப்போகும். அளவு தானா இறங்கும். லாக்ல வர்ற வார்னிங்கை அழிச்சா சர்வர் சரியாகுமா? (எங்க டீம்ல அதையும் முயற்சி பண்ணியிருக்கோம்.)

சித்தப்பா வீடு திரும்பிட்டார். இப்ப எலும்புக்காக வாரம் ஒரு சாஷே எழுதிக் கொடுத்திருக்காங்க. அது வேற கணக்கு. சித்தி விடலை: "பாத்தியா, கடைசியில கொடுத்துட்டாங்கல்ல!"