முற்றமில்லாதவனும் மின்சாரக் காரும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)



ஆண்டு விழாவில் பேசவேண்டும் என்று செயலாளர் எம்மைக் கேட்டபோது, சமயப் பொருள் ஒன்றைத் தருவோம் என்றே எண்ணியிருப்பார். நாம் அனுப்பிய தலைப்பைக் கண்டு அவர் திகைத்திருக்கவுங் கூடும். இங்கிலாந்திலே பேரங்காடியின் வாசலில் காருக்கு மின்சாரம் ஏற்றுவதைப் பற்றி ஒரு சங்க மேடையில் பேச என்ன இருக்கிறது என்று கேட்பீர்களாயின், ஒன்று சொல்லிக்கொள்கிறோம். உங்களிற் பலருடைய தமையனோ, மாமனோ, மருமகனோ இன்று இலண்டனில் இருக்கிறார். முன்னர் பெற்றோல் நிலையங்களில் இரவெல்லாம் விழித்திருந்து உழைத்து வீட்டுக்குப் பணம் அனுப்பிய நம்மவர் பலர். இன்று வாடகைக் கார் ஓட்டுவோரும், வீடு வீடாகப் பொதி கொண்டு செல்வோரும் அவர்களிடையே உண்டு. அவர்களுடைய உழைப்பில் ஒரு பங்கு எங்கே கரைகிறது என்பது இந்தப் பொருளுக்குள் அடங்கியிருக்கிறது. அந்த நகரிலே சில காலம் வாழ்ந்து, இப்படியான வண்டி ஒன்றை ஓட்டியும் பார்த்தவர் என்ற உரிமையில் பேசுகிறோம்.

முதலில் இயந்திரத்தைப் பற்றிச் சில வார்த்தைகள். பற்றறி சேர்த்து வைப்பது நேரோட்ட மின்சாரம். வீட்டுச் சுவருக்குள் வருவது ஆடலோட்டம். ஆகவே எங்கோ ஓரிடத்தில் ஒன்றை மற்றொன்றாக மாற்றியாகவேண்டும். வீட்டில் ஏற்றும்போது அந்த வேலையைக் காருக்குள் இருக்கும் சிறு கருவி செய்கிறது. சிறியதாகையால் ஆறுதலாகச் செய்கிறது; இங்கிலாந்தில் வீட்டு மின்னேற்றி ஒன்று வழக்கமாக 7 கிலோவாற் கொடுக்கும். விரைவு மின்னேற்றி என்பது, அந்த மாற்றுங் கருவியைப் பெரிதாக்கி, காருக்கு வெளியே, அலுமாரி அளவான ஒரு பெட்டிக்குள் வைத்ததேயாம். அது நேரோட்டத்தை நேரே பற்றறிக்குள் செலுத்தும். 50 கிலோவாற் தருவனவும் உண்டு. 150க்கு மேலே தருவனவும் உண்டு. 60 அலகு கொள்ளும் பற்றறி ஒன்றை நூற்றுக்கு 20 இலிருந்து 80 வரை ஏற்ற 36 அலகு வேண்டும். வீட்டிலே அதற்கு ஐந்து மணித்தியாலத்துக்கு மேற் செல்லும். 50 கிலோவாற் மின்னேற்றியிலோ முக்கால் மணித்தியாலம்.

ஏன் 80 உடன் நிறுத்தினீர்கள், நூறு ஆகாதா என்று இளைஞர் ஒருவர் கேட்கலாம். தேர்த் திருவிழாவன்று மண்டபத்துக்குள் ஆட்கள் நுழைவதை எண்ணிப் பாருங்கள். முதலில் வருபவர் நடந்து போய் விரும்பிய இடத்தில் நிற்பர். மண்டபம் நிறைய நிறைய, பின்னால் வருபவர் இடம் தேடி நெருக்கி நுழையவேண்டும். பற்றறிக்குள் செல்லும் இலிதியம் அயன்களின் நிலையும் அதுவே. கடைசி ஐந்திலொரு பங்கை ஏற்றச் செல்லும் நேரத்தில், அடுத்தவருடைய காரை ஓடவிடும் அளவுக்கு ஏற்றிவிடலாம். குளிர்காலத்தில் பற்றறி குளிர்ந்திருந்தால் இந்த வேலை இன்னும் தாமதப்படும்.

வேகமாக ஏற்றும் முறைகளில், 2010ஆம் ஆண்டு ஜப்பானியர் சங்கம் அமைத்துப் பரப்பிய ஒன்றுக்குச் 'சாடெமோ' என்று பெயர். 'தேநீராவது அருந்துவோமா' என்று பொருள்படும் ஜப்பானிய வார்த்தைகளை நினைவூட்டும்படி அந்தப் பெயரை வைத்தார்களாம். கார் பசியாறும் வரையில் ஓட்டுபவர் ஒரு தேநீர் குடிக்கலாம் என்பது கருத்து. தேயிலை விளையும் நாட்டவராகிய நமக்கு இது அறியத்தக்க செய்திதான். நம் வீதிகளில் ஓடும் நிஸான் லீவ் கார்கள் பலவற்றின் முகப்பு மூடியைத் திறந்தால் தெரியும் பெரிய துவாரம் இந்த முறைக்கானதே. ஐரோப்பாவில் இப்போது சீ. சீ. எஸ். என்ற வேறொரு முறை அதை வென்றுவிட்டது. தேநீர் தோற்றுப்போனதில் எமக்குச் சிறிது வருத்தம்.

ஆயினும் அந்தப் பெயரில் இருந்த யோசனை தோற்கவில்லை. பேரங்காடிக்கு, அதாவது அங்குள்ளவர்கள் சுப்பர்மாக்கற் என்று சொல்லும் இடத்துக்கு, அது குடிபெயர்ந்தது. இங்கிலாந்தில் ஒரு குடும்பம் கிழமைக்கு ஒரு தடவை காரிலே சென்று அரிசி முதல் சவர்க்காரம் வரையில் வாங்கிவரும். முக்கால் மணித்தியாலமாவது செல்லும். அங்கே கார் நிறுத்த விசாலமான தரிப்பிடம், இரவில் வெளிச்சம், மலசலகூடம் எல்லாம் உண்டு. குளிரூட்டிப் பெட்டிகள் இரவு பகலாக ஓடுவதால், பெருமளவு மின்சாரமும் முன்னரே வந்து சேர்ந்திருக்கிறது. கடைக்காரருக்கும் நட்டமில்லை. காத்திருப்பவர் வெறுங்கையோடு திரும்புவதில்லை என்பது எந்த ஊர் வியாபாரிக்கும் தெரிந்த விஷயம்.

2018 நவம்பரில் ரெஸ்கோ என்னும் பெருங் கம்பனி, ஜேர்மனியின் வொக்ஸ்வாகனுடனும் பொட் பொயின்ற் என்ற மின்னேற்றிக் கம்பனியுடனும் சேர்ந்து, 600 கடைகளில் 2,400 தரிப்பிடங்களுக்கு மின்னேற்றி அமைக்கப்போவதாக அறிவித்தது. மெதுவான 7 கிலோவாற் கருவிகளில் மின்சாரம் இலவசம். விரைவுக் கருவிக்கு மாத்திரம் கட்டணம். 2022 நவம்பரில் அந்த இலவசம் நின்றது. பலர் கோபித்தார்கள். நாம் கோபிக்கவில்லை. வீட்டிலே மின்னேற்றி வைத்திருந்தவர்களும் இலவசம் என்பதற்காக வந்து அந்த இடங்களை அடைத்துக்கொண்டு நின்றதைக் கண்டிருக்கிறோம். 2024 தொடக்கத்தில் செயின்ஸ்பரிஸ் தன் சொந்தப் பெயரிலேயே அதிவிரைவு மின்னேற்றிகளை நடத்தத் தொடங்கியது. இவை இப்போது பெரிய கடைகளின் வியாபாரத்தில் ஒரு பகுதியாகிவிட்டன.

இனி ஓர் இரவுக் கதை. தை மாதக் குளிர். இரவு பத்து மணி. கிழக்கு இலண்டனில் ஒரு கடைக்கு மேலுள்ள இரண்டு அறைகளில் மனைவி மக்களோடு குடியிருக்கும் நம் ஊர்ப் பையன் ஒருவனோடு, ஒரு பேரங்காடிக்குப் போனோம். அவன் வாடகைக் கார் ஓட்டுபவன். 2023 சனவரி 1 முதல் இலண்டனில் புதிதாக அனுமதி பெறும் வாடகைக் கார் எதுவும் புகையின்றி ஓடக்கூடியதாய் இருக்கவேண்டும் என்பது விதி. ஆதலின் கடன்பட்டு மின்சாரக் கார் வாங்கியிருந்தான். அங்கே இரண்டு விரைவு மின்னேற்றிகள் நின்றன. ஒன்றின் திரை இருண்டு கிடந்தது. மற்றதில் ஒரு கார் ஏற்றி முடிந்த பின்னும் செருகியபடியே நின்றது, உரியவரைக் காணவில்லை. தரிப்பிடத்தில் இத்தனை நிமிடத்துக்கு மேல் நின்றால் தண்டப்பணம் என்று ஒரு பலகையும், மேலே ஒரு கமராவும்! காத்திருக்கும் நேரமும் அந்தக் கணக்கிலேயே சேரும்.

"அண்ணை, பெற்றோல் அடிக்க அஞ்சு நிமிசம். இதுக்குக் காவல் இருக்கவேணும். காவல் இருக்கிற நேரத்துக்கு ஒருத்தரும் கூலி தரமாட்டினம்" என்றான்.

காத்திருந்த நேரத்தில், கடையில் வாங்கிய பாலுக்குத் தந்த துண்டின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டோம். சொந்த முற்றம் உள்ளவர், இரவு நேரச் சலுகைக் கட்டணத்தில் ஓர் அலகை ஏழு எட்டுப் பென்ஸுக்குப் பெறலாம். பொது விரைவு மின்னேற்றியில் அதே அலகு எழுபது பென்ஸைத் தாண்டி நிற்கிறது. முன்னே சொன்ன 36 அலகுக்கு, முற்றமுள்ளவர் செலவிடுவது மூன்று பவுணுக்குக் குறைவு. இந்தப் பையன் செலவிடுவது இருபத்தைந்து பவுணுக்கு மேல். அந்த மின்சாரம் ஏறத்தாழ 200 கிலோமீற்றர் ஓடப் போதும். அவன் விற்றுவிட்ட பழைய பெற்றோல் கார் அவ்வளவு தூரத்தை இதிலுங் குறைந்த செலவில் ஓடியிருக்கும்.

இதில் அரசாங்கத்தின் கையும் உண்டு. வீட்டு மின்சாரத்துக்குப் பெறுமதி சேர் வரி நூற்றுக்கு 5. பொது மின்னேற்றியில் வாங்கும் மின்சாரத்துக்கு நூற்றுக்கு 20 என்று வரித்திணைக்களம் 2021இல் விளக்கம் வெளியிட்டது. அதே கம்பியில் வரும் மின்சாரந்தான். வாங்குபவர் எங்கே நின்று வாங்குகிறார் என்பதைக் கொண்டு வரி நான்கு மடங்காகிறது. பிரித்தானியாவில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குடும்பங்களுக்கு வீட்டோடு கார் நிறுத்த இடமில்லை. அவர்களிற் பெரும்பாலோர் மாடிக் குடியிருப்பிலோ, வரிசை வீடுகளிலோ, வாடகைக்கோ இருப்பவர்கள். கூடுதலாகச் செலுத்துமாறு கேட்கப்படுபவர்கள் இவர்களே.

கடைக்காரரின் பக்க நியாயத்தையும் சொல்லாமல் விடலாகாது. விரைவு மின்னேற்றி விலை கூடியது. நான்கைந்தை ஒன்றாக நிறுத்துவதானால் தனியாக ஒரு நிலைமாற்றி வேண்டியிருக்கும்; வீதியைத் தோண்டித் தடித்த கேபிள் இழுக்கவேண்டும். ஒருவரும் வராத நேரத்திலும் இணைப்புக்கான நிலைக் கட்டணம் ஏறிக்கொண்டே இருக்கும். ஆகவே எழுபது பென்ஸும் கொள்ளை என்று சொல்லமாட்டோம். ஆனால் வரியில் உள்ள வேறுபாட்டுக்கு எந்தக் கேபிளும் காரணமன்று.

இங்கிருக்கும் பெரியவர்களுக்குக் கிணற்றின் அருமையைச் சொல்லித்தர வேண்டியதில்லை. வளவுக்குள் சொந்தக் கிணறு உள்ள வீடு ஒன்று. பங்குக் கிணற்றில் முறை பார்த்து அள்ளும் வீடு ஒன்று. குடத்தோடு ஊர்க் கிணற்றுக்கு நடக்கும் வீடு ஒன்று. அள்ளவே அனுமதியின்றி, யாராவது வார்க்கமாட்டார்களா என்று எட்ட நின்றவர்களும் நம் ஊர்களில் இருந்தார்கள். அதை மறைத்துப் பேசுவது மேடைக்கு அழகன்று. இலண்டனிலே மலிவான மின்சாரத்துக்கு அனுமதிச் சீட்டாக இருப்பது வீட்டின் முன்னால் உள்ள கார் அளவு நிலம். அந்தப் பையனுக்கு அது வாய்க்கவில்லை. பேரங்காடியின் மின்னேற்றிதான் அவனுடைய ஊர்க்கிணறு. அது பழுதாய்க் கிடந்தால் அவனுக்கு அன்றைய உழைப்பு இல்லை.

பழுதைப் பற்றி அங்கே சட்டம் வந்திருக்கிறது. 2023இல் ஆக்கிய ஒழுங்குவிதிகளின்படி, விரைவு மின்னேற்றிகளை நடத்தும் ஒவ்வொரு கம்பனியும் தன் கருவிகள் ஆண்டில் சராசரியாக நூற்றுக்கு 99 பங்கு நேரம் இயங்குமாறு பார்த்துக்கொள்ளவேண்டும். விலையை ஓர் அலகுக்கு இத்தனை பென்ஸ் என்று வெளிப்படையாகக் காட்டவேண்டும். இரவு பகலாக இலவசத் தொலைபேசி உதவி இருக்கவேண்டும். 2024 நவம்பர் முதல், 50 கிலோவாற்றும் அதற்கு மேலும் உள்ள கருவிகளில் வங்கி அட்டையைத் தொட்டுப் பணம் செலுத்த வசதி வேண்டும். அதற்கு முன்னர் ஒவ்வொரு கம்பனிக்கும் ஒவ்வொரு செயலியைக் கைத்தொலைபேசியில் இறக்கி, ஒவ்வொன்றிலும் பதிவு செய்து, மழையில் நின்று கடவுச்சொல்லை நினைவுபடுத்தவேண்டியிருந்தது. நாமே மூன்று கடவுச்சொற்களை மறந்திருக்கிறோம். சக்கர நாற்காலியில் வருபவரும் கேபிளைத் தூக்கிச் செருகக்கூடியதாய் இருக்கவேண்டும் என்று 2022இல் ஒரு தரநியமம் வெளியாயிற்று. ஆனால் அதைப் பின்பற்றுவது கட்டாயமன்று.

எமக்குத் தெரிந்தவரையில், அன்றாடம் ஓடும் ஒருவருக்கு இரவிலே மெதுவாக ஏற்றும் வசதி வீட்டருகில் வேண்டும்; விரைவு மின்னேற்றி அவசரத்துக்கு உதவவேண்டும். இலண்டனிலே சில பகுதிகளில் வீதி விளக்குக் கம்பத்திலேயே செருகும் வசதி செய்திருக்கிறார்கள். நல்ல யோசனை. அந்தப் பையனுடைய வீதிக்கு அது இன்னும் வரவில்லை.

அன்றிரவு செருகி விட்டுப் போனவர் பத்து நாற்பதுக்கு வந்தார். இரண்டு பைகள் நிறையச் சாமானோடு, மன்னிப்பும் கேட்டார், நல்ல மனிதர். பையன் வண்டியைச் செருகினான். குளிரினால் கருவி தன் முழு வேகத்தைக் கொடுக்கவில்லை. ஹீத்ரோவுக்குப் போகவேண்டிய பயணி ஒருவர் வேறு வண்டி பிடித்துக்கொண்டதாகச் செய்தி வந்தது. நள்ளிரவு தாண்டி வீட்டு வாசலில் எம்மை இறக்கியபோது, கணக்கெழுதிய துண்டை நீட்டி, "ஊருக்குப் போனால் இதையும் சொல்லுங்கோ அண்ணை. இங்கை காசு காய்ச்சுத் தொங்குது எண்டு நினைக்கினம்" என்றான்.

அந்தத் துண்டைச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறோம். பார்க்க விரும்பும் இளைஞர்கள் கூட்டம் முடிந்ததும் அவரிடம் கேட்டு வாங்கிப் பார்க்கலாம்.