படத்தின் எண்ணும் பாரின் சிப்பியும்

முத்துக்குளிப்பு நடந்த நாளில், தூத்துக்குடிக் கடலின் பார்களில், அதாவது முத்துச் சிப்பித் திட்டுகளில், எடுத்தவுடனே ஆட்களை இறக்கிவிட மாட்டார்கள். மாதிரிச் சிப்பிகளை எடுத்து, கிடைத்த முத்துக்கு விலை மதித்த பிறகே குளிப்பு அறிவிக்கப்படும். ஒரு பாருக்கு அந்தப் பாரின் சிப்பிதான் மாதிரி. வேறு பாரின் சிப்பி செல்லாது. 1961-க்குப் பின் இங்கே குளிப்பு இல்லை. தூத்துக்குடியின் திரேஸ்புரத்தில் கூடியிருக்கும் நாம், மருத்துவப் படங்களிலிருந்து எடுக்கும் எண்களுக்கும் அந்தக் கண்டிப்பு வேண்டும் என்பதே என் வாதம்.

எண் தேவைதான், அதில் எனக்கு ஐயமில்லை. புற்றுநோய்ச் சிகிச்சையின் பலனை மதிக்கும் ரெசிஸ்ட் விதி கட்டியின் விட்டத்தைப் பார்க்கிறது: 30 விழுக்காடு குறைந்தால் ஓரளவு பலன், 20 விழுக்காடு கூடினால் நோய் முற்றுகிறது. ஆனால் இமாட்டினிப் மாத்திரை கொடுத்த சில இரைப்பை-குடல் கட்டிகள் சுருங்காமலே உள்ளுக்குள் அழிகின்றன. சி.டி. ஸ்கேனில் அடர்த்தி 15 விழுக்காடு குறைவதை அளக்கும் சோய் விதி அதைப் பிடித்துவிட்டது. இங்கே அளவுகோல் கண்ணை வென்றது. அடுத்து வந்த ரேடியோமிக்ஸ், கட்டியின் வடிவத்தையும் இழையமைப்பையும் நூற்றுக்கணக்கான எண்களாக்கியது. 2014-இல் 1,019 நோயாளிகளின் படங்களில் 440 அம்சங்களை அளந்த ஆய்வு, நோயாளியின் ஆயுளைக் கணிக்கலாம் என்ற பெரும் நம்பிக்கை தந்தது. 2019-இல் வேறொரு குழு, கட்டிக்குள்ளிருந்த புள்ளிகளைக் கண்டபடி கலைத்துப் போட்டுப் பார்த்தது. கணிப்பு அப்படியே நின்றது! நுண்ணிய இழையமைப்பு என்று நாம் வியந்தது பெரும்பாலும் கட்டியின் கொள்ளளவுதான். இதைத் தோல்வி என்று நான் கருதவில்லை, இத்துறைக்குக் கிடைத்த மிக நல்ல பாடம் என்றே கருதுகிறேன்.

மருத்துவரே குறைவாக உள்ள ஊரில், ஒவ்வோர் இடத்திலும் எண்ணைச் சோதிப்பது ஆடம்பரமல்லவா என்று கேட்கலாம். தவற்றைக் கண்டுபிடிக்க ஆளில்லாத இடத்தில் தவறான எண் நேரே சிகிச்சையாகிவிடும். ஆகவே அங்கேதான் சோதனை கூடுதலாக வேண்டும். நம் பகுதியில் நுரையீரல் முடிச்சு காசநோயாகவும் இருக்கலாம். பெட் ஸ்கேனில் அதுவும் புற்றுநோய் போலவே ஒளிரும். காசநோய் குறைந்த நாட்டில் பழகிய மென்பொருளுக்கு இந்தக் குழப்பம் தெரியாது. 2021-இல் காசநோய்க்காக மார்பு எக்ஸ்ரேயைக் கணினி படிக்கலாம் என்று பரிந்துரைத்த உலக சுகாதார நிறுவனம்கூட, எந்த மதிப்பெண்ணுக்கு மேல் சளிப் பரிசோதனை என்பதை அந்தந்த இடத்திலேயே சோதித்து வகுக்கச் சொல்கிறது. இங்கே இயலாத காரியமுமில்லை. சர்க்கரை நோயால் வரும் விழித்திரைப் பாதிப்பைக் கண்டறியும் கூகுள் மென்பொருளை மதுரை அரவிந்த் மருத்துவமனையிலும் சென்னை சங்கர நேத்ராலயாவிலும் 3,049 நோயாளிகளிடம் சோதித்து 2019-இல் வெளியிட்டார்கள். அனுபவக் கண்ணே போதாதா என்போருக்கு ஒன்று: ஒரே கட்டியின் எல்லையை இரு நிபுணர்கள் இரு விதமாக வரைவது நாம் அறிந்ததே.

இந்த அரங்கில் கட்டுரை படிக்கவிருப்போரிடம் ஒரு வேண்டுகோள். எந்தக் கருவி, படத்தின் ஒவ்வொரு வெட்டும் எத்தனை மில்லிமீட்டர் தடிமன், எந்த மருத்துவமனையின் நோயாளிகள் என்பதை முதலிலேயே சொல்லுங்கள். உங்கள் கணிப்பின் பக்கத்தில், கொள்ளளவை மட்டும் வைத்துச் செய்த கணிப்பையும் காட்டுங்கள்.