முகிலுக்குள் ஒரு படிக்கட்டு

முகில் கவிந்து தரை தெரியாத வேளையில் விமானி எதை நம்பி இறங்குகிறார்? கல்லூரி மாணவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது.

ஓடுபாதையருகே நாட்டிய வானொலிக் கருவிகளையே அவர் நெடுங்காலம் நம்பினார். ஒன்று திசையையும் மற்றொன்று இறங்கும் சரிவையும் காட்டும். இன்றும் பெரிய நிலையங்களில் அவை உண்டு. ஆயினும் ஒவ்வோர் ஓடுபாதைக்கும் தனித்தனியே நிறுவிப் பேணுவது சிறு நிலையங்களுக்குத் தாங்காத செலவு. ஆகவே, விண்ணிலிருந்தே வழிகாட்டினால் என்ன என்ற எண்ணம் பிறந்தது.

சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஜி.பி.எஸ். செயற்கைக் கோள்கள், தம் குறிப்புகளில் நேரத்தைப் பொறித்து அனுப்புகின்றன. குறிப்பு வந்துசேரப் பிடித்த நேரமே தூரத்தைச் சொல்லிவிடும். இடத்தைக் காண மூன்று கோள்கள்; விமானக் கருவியின் கடிகாரப் பிழையைக் களைய நான்காவது. நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு தவறினாலும் தூரம் 300 மீட்டர் பிசகும். ஓடுபாதையின் அகலமோ பெரும்பாலும் 45 மீட்டர்தான்!

நம் நாட்டில் மற்றொரு தொல்லையும் உண்டு. வானொலி அலைகளைத் தாமதப்படுத்தும் அயனி மண்டலம், காந்த நடுக்கோட்டின் இருபுறமும் மிகுதியாகக் கொந்தளிக்கும். அக்கோடு நம் தென்முனையை ஒட்டிச் செல்கிறது. இதற்கு மாற்றாக, இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனமும் விமான நிலைய ஆணையமும் சேர்ந்து 'ககன்' என்னும் அமைப்பை உருவாக்கின. தம் இடத்தைத் துல்லியமாக அறிந்த தரை நிலையங்கள் பிழையை அளக்கின்றன. திருத்தம், 36,000 கிலோமீட்டர் உயரத்துக் கோள்கள் வழியே விமானத்தை அடைகிறது. 2015-இல் இது இறங்கு சரிவைக் காட்டவும் தகுதி பெற்றது. 2022 ஏப்ரலில், ராஜஸ்தானத்துக் கிஷன்கட்டில் ஓர் ஏ.டி.ஆர். விமானம் இம்முறையில் இறங்கியது.

திருத்தத்தைவிட நான் பெரிதாக மதிப்பது வேறொன்று. "இப்பொழுது என்னை நம்பாதே" என்று இவ்வமைப்பு சில நொடிகளுக்குள் தானே எச்சரித்துவிடும். பொய் சொல்லும் கருவியைவிட வாய் மூடும் கருவி மேலல்லவா?

விமானியின் கையில் ஒரு வரைபடத் தாள் உண்டு. திசைக் குறிப்பு மட்டும் கிடைத்தால் எந்த உயரம் வரை இறங்கலாம், சரிவுக் குறிப்பும் கிடைத்தால் எதுவரை என்று அதில் வெவ்வேறு வரிகள் இருக்கும். சரிவு பொதுவாக 3 பாகை. ஒரு கடல் மைலுக்குச் சுமார் 320 அடி இறக்கம். முடிவு செய்யும் உயரம் 250 அடி என்று கொள்வோம். அங்கிருந்து தரையைத் தொட ஏறக்குறைய இருபது நொடிதான். அவ்விடத்தில் ஓடுபாதையோ அதன் விளக்குகளோ கண்ணுக்குப் புலப்பட வேண்டும். இல்லையேல் கருவி எவ்வளவு செம்மையாகக் காட்டினாலும் மேலே ஏறிவிட வேண்டும். பயணிகள் முணுமுணுக்கலாம். விமானிக்கோ அது முன்பே பயின்ற பாடம்: எப்பக்கம் திரும்புவது, எவ்வுயரத்தில் காத்திருப்பது என்பதெல்லாம் அதே தாளில் அச்சாகியிருக்கின்றன.