போர்க்காலக் குழந்தைகளும் இலக்கியம் தரும் நம்பிக்கையும்



போர் மூண்ட நாட்டில் குழந்தைகளுக்கு முதலில் தேவைப்படுபவை உணவு, மருந்து, தலைக்கு மேல் ஒரு கூரை. இதில் இருவேறு கருத்துக்கு இடமில்லை. அப்படியானால் குண்டு விழும் ஊரில் கதைக்கும் கவிதைக்கும் நாடகத்துக்கும் என்ன வேலை? பசித்த குழந்தையின் முன் புத்தகத்தை நீட்டுவது கொடுமையல்லவா? தட்டிக்கழிக்கக் கூடாத கேள்வி இது.

இதற்கு விடை தேடக் கொல்கத்தா பொருத்தமான நகரம். இந்நகரில் பிறந்த கவிஞர் எழுதிய நாடகம் ஒன்று, இரண்டாம் உலகப் போரின் மிகக் கொடிய நாட்களில் வார்சா நகரத்துக் குழந்தைகளைச் சென்றடைந்தது. ஏறத்தாழ அதே காலத்தில் இந்நகரின் தெருக்களில், பள்ளிப் படிப்பைக்கூட முடிக்காத ஓர் இளங்கவிஞர் பஞ்சத்தின் நடுவே சிறுவர்களைத் திரட்டிக்கொண்டிருந்தார். இவ்விரு நிகழ்வுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் விடை தெளிவாகும்.

சன்னலோரச் சிறுவன்

ரவீந்திரநாத் தாகூர் 'அஞ்சலகம்' என்று பொருள்படும் 'டாக் கர்' நாடகத்தை 1911-இல் எழுதினார். அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்னர்தான், 1907-இல், அவருடைய இளைய மகன் சமீந்திரநாத் காலராவுக்குப் பலியாகியிருந்தான். தாகூரின் இளம்பருவமும் அடைபட்ட பருவமே. ஜோராசாங்கோ மாளிகையில் வேலையாள் தரையில் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டு, அதைத் தாண்டக் கூடாது என்று அவரை உட்காரவைப்பார். சன்னல் வழியே குளத்தையும் ஆலமரத்தையும் பார்த்தே பொழுது கழியும். இதைத் தம் நினைவுக் குறிப்புகளில் தாகூர் எழுதியிருக்கிறார்.

நாடகத்தின் நாயகன் அமல் என்னும் அநாதைச் சிறுவன். நோயுற்ற அவன் வெளிக்காற்றும் வெயிலும் படாமல் அறைக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பது வைத்தியரின் கட்டளை. அவனுக்கு எஞ்சியது ஒரு சன்னல். அதன் வழியே தயிர் விற்பவர், காவலாளி, பூப்பறிக்கும் சிறுமி சுதா ஆகியோருடன் பேசுகிறான். எதிரே புதிதாக அரசரின் அஞ்சலகம் திறக்கப்படுகிறது. தனக்கும் ஒருநாள் அரசரிடமிருந்து கடிதம் வரும் என்று காத்திருக்கிறான். ஊர்த் தலைவன் வெற்றுத் தாளைக் காட்டி, இதுதான் அரசரின் கடிதம் என்று அவனை எள்ளி நகையாடுகிறான். இறுதியில் வரும் அரச வைத்தியர் கதவுகளையும் சன்னல்களையும் திறக்கச் சொல்கிறார். அமல் உறங்கிவிடுகிறான்.

சன்னலைக் கடந்து செல்வோரில் பலர் உழைப்பவர்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். தயிர்க்காரரின் ஊரும் அவர் கூவி விற்கும் முறையும் அமலுக்கு வியப்பாக இருக்கின்றன. தம் தொழிலிலும் மகிழ்ச்சி உண்டு என்பதை அந்தச் சிறுவனிடமிருந்து தயிர்க்காரர் கற்றுக்கொள்கிறார். அமலின் ஆசை அரியணை மீதானதன்று. வீடு வீடாகக் கடிதம் கொண்டுசெல்லும் அஞ்சற்காரனாக வேண்டும் என்பதே அவன் கனவு.

வார்சா, 1942 ஜூலை 18

தாகூர் 1941 ஆகஸ்ட் 7-இல் மறைந்தார். 'நாகரிகத்தின் நெருக்கடி' என்னும் அவருடைய இறுதிப் பேருரை அதே ஆண்டு ஏப்ரலில் வெளியானது. உலகப் போரின் அழிவைக் கண்டு நெஞ்சம் நொந்த நிலையிலும் மனிதன்மீது நம்பிக்கை இழக்க அவர் மறுத்தார். அடுத்த ஆண்டு தம் நாடகம் எங்கே அரங்கேறப்போகிறது என்பதை அவர் அறிந்திருக்க வாய்ப்பில்லை.

நாஜிகள் 1940 நவம்பரில் வார்சாவின் யூதர்களை மதிலெழுப்பி அடைத்தனர். 4 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒரு சிறு பகுதிக்குள் நெருக்கப்பட்டனர். பசியும் டைபஸ் காய்ச்சலும் நாள்தோறும் உயிர்களைக் கொண்டுசென்றன. குழந்தை மருத்துவரும் எழுத்தாளருமான யானுஷ் கோர்ச்சாக்கின் அநாதை இல்லமும் அந்த மதிலுக்குள் தள்ளப்பட்டது. அவர் குழந்தைகளைக் குடிமக்களாகவே நடத்தியவர். இல்லத்தில் குழந்தைகளின் நாடாளுமன்றமும் நீதிமன்றமும் இயங்கின. கோர்ச்சாக்கின் தவறுகளும் அந்த நீதிமன்றத்தின் விசாரணைக்கு உட்பட்டவை. 1926-இல் அவர் தொடங்கிய செய்தித்தாளில் எழுதியோரும் சிறுவர் சிறுமியரே.

1942 ஜூலை 18 அன்று அந்த இல்லத்துக் குழந்தைகள் 'அஞ்சலகம்' நாடகத்தை நடித்தனர். எஸ்தர்கா வினோகிரோன் என்னும் இளம்பெண் அதை இயக்கினார். நான்கு நாட்களில், ஜூலை 22-இல், மதிலுக்குள் இருந்தோரைத் த்ரெப்லிங்கா கொலைமுகாமுக்குக் கொண்டுசெல்லும் பணி தொடங்கியது. ஆகஸ்ட் முதல் வாரத்தில் கோர்ச்சாக்கும், அவருடைய நெடுநாள் துணைவர் ஸ்தெபானியா வில்சின்ஸ்காவும், ஏறத்தாழ 200 குழந்தைகளும் இரயிலேற்றப்பட்டனர். தாம் மட்டும் தப்பிக்கக் கிடைத்த வாய்ப்புகளைக் கோர்ச்சாக் மறுத்துவிட்டார்.

எத்தகைய நம்பிக்கை?

இந்நாடகம் ஒரு குழந்தையைக்கூடக் காப்பாற்றவில்லை. இலக்கியத்தின் ஆற்றலைப் பேசுவோர் முதலில் ஒப்புக்கொள்ள வேண்டிய உண்மை இது. குழந்தைகள் சாவை அமைதியாக எதிர்கொள்ளவே கோர்ச்சாக் இந்நாடகத்தைத் தேர்ந்தார் என்று பலர் எழுதியுள்ளனர். அந்த விளக்கத்தில் உண்மை இருக்கலாம். எனினும் அது போதுமானதன்று.

அமல் சாவைப் பற்றிப் பேசுவதே இல்லை. மலைக்கு அப்பால் என்ன இருக்கிறது, தயிர்க்காரரின் ஊர் எங்கே, காவலாளி ஏன் மணியடிக்கிறார் என்றே கேட்கிறான். மதிலுக்குள் அடைபட்ட குழந்தைகள் அவ்வேடங்களை ஏற்றபோது, உலகம் மதிலோடு முடியவில்லை என்பதைத் தம் வாயாலேயே சொன்னார்கள். மனிதப் பிறவியாகவே தங்களை மதிக்காத ஆட்சியின் கீழ், தங்கள் பெயருக்கும் ஒரு கடிதம் வரத் தகும் என்று உரிமை கோரினார்கள். எல்லாம் சரியாகிவிடும் என்ற பொய் ஆறுதலை அந்த மேடை வழங்கவில்லை. உலகம் தங்களுக்கும் சொந்தமானது என்ற உணர்வை வழங்கியது. இலக்கியம் போர்க்காலக் குழந்தைக்குத் தரக்கூடிய நம்பிக்கை இதுவே.

பஞ்சத்தின் நடுவே கிஷோர் வாஹினி

அந்த 1942-இல் போர் கொல்கத்தாவின் வாசலுக்கும் வந்தது. பர்மா வீழ்ந்து அங்கிருந்து வந்த அரிசி நின்றது. டிசம்பர் 20 இரவு ஜப்பானிய விமானங்கள் இந்நகர்மீது குண்டு வீசின. எதிரியின் கையில் சிக்கக் கூடாதென்று ஆங்கிலேய அரசு கரையோர மாவட்டங்களில் நெல்லை அப்புறப்படுத்தி, படகுகளையும் கைப்பற்றி அழித்தது. பதுக்கல்காரர்கள் கொழுத்தனர். 1943 பஞ்சத்திலும் அதைத் தொடர்ந்த கொள்ளைநோயிலும் மாண்டோர் 30 இலட்சம் வரை என மதிப்பிடப்படுகிறது. கிராமங்களிலிருந்து வந்த தாய்மார் கஞ்சித் தண்ணீர் கேட்டு இத்தெருக்களில் அலைந்தனர்.

காளிகட்டில் 1926 ஆகஸ்ட் 15-இல் பிறந்த சுகாந்த பட்டாச்சார்யாவுக்கு அப்போது 17 வயது. கம்யூனிஸ்ட் இயக்கத்தின் பணிகளில் இறங்கிய அவர், 'கிஷோர் வாஹினி' என்ற சிறார் அமைப்பைக் கட்டி வளர்ப்பதில் முன்னின்றார். 1944-இல் பாசிச எதிர்ப்பு எழுத்தாளர், கலைஞர் சங்கத்தின் சார்பில் 'அகால்' என்னும் பஞ்சக் கவிதைத் தொகுப்பைப் பதிப்பித்தார். பின்னர் 'சுவாதீனதா' நாளேட்டின் சிறார் பகுதியான 'கிஷோர் சபா'வை நடத்தினார். அவர் எழுதிய சிறுவர் பாடல்களின் பொருள் ரேஷன் அட்டை, கலப்படம், கள்ளச்சந்தை. குழந்தைகள் பசியை விதி என்று ஏற்கக் கூடாது, அதற்குக் காரணமானோர் உண்டு என அறிய வேண்டும் என்ற தெளிவு அவற்றில் இருந்தது. சிரிப்பும் இருந்தது.

ஓயாத உழைப்பும் வறுமையும் அவரைக் காசநோயில் தள்ளின. 1947 மே 13-இல், 21 வயது நிறையும் முன்னரே, ஜாதவ்பூர் மருத்துவமனையில் அவர் மறைந்தார். விடுதலை நாளான தம் பிறந்தநாளைக் காண அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை.

வார்சாவின் மேடை அடைபட்ட குழந்தைக்கு உலகத்தைக் காட்டியது. கொல்கத்தாவின் இளங்கவிஞர் அந்த உலகத்தை மாற்றும் பணியில் குழந்தையைத் தோழனாக்கினார். இவ்விரண்டும் ஒன்றையொன்று நிறைவுசெய்பவை.

எந்த இலக்கியம்?

குழந்தைகளுக்காக எழுதப்படுபவை அனைத்தும் நம்பிக்கை தருபவை அல்ல. 1938-இல் ஜெர்மனியில் யூலியஸ் ஸ்ட்ரைக்கரின் பதிப்பகம் 'நச்சுக் காளான்' என்ற படக்கதை நூலை வெளியிட்டது. யூதர்களை நஞ்சாகச் சித்தரித்துப் பிஞ்சு உள்ளங்களில் வெறுப்பை விதைத்த நூல் அது. கதையின் ஆற்றலைப் பாசிஸ்டுகளும் நன்கு அறிவார்கள். 1981-இல் யாழ்ப்பாணப் பொதுநூலகத்துக்குத் தீ வைத்து 97,000 நூல்களைச் சாம்பலாக்கியோரும் அறிவார்கள். காசாவில் பள்ளிகளையும் பல்கலைக்கழகங்களையும் தகர்ப்போரும் அறிவார்கள். 2023 டிசம்பரில் இஸ்ரேலியத் தாக்குதலில் கொல்லப்பட்ட ரெஃபாத் அல்அரீர் அங்கே இலக்கியம் கற்பித்த பேராசிரியர். தாம் இறக்க நேர்ந்தால் வானில் பறக்கும் ஒரு பட்டம் காசாவின் குழந்தைக்கு நம்பிக்கை தரட்டும் என்பதே அவருடைய புகழ்பெற்ற கவிதையின் வேண்டுதல்.

ஆகவே தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு விடை இது: ரொட்டியா, புத்தகமா என்று குழந்தையைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது கொடுமையாளர்களின் கணக்கு. குழந்தைக்கு இரண்டும் உரிமை. கவிதையால் இரயிலை நிறுத்த முடியாது. குண்டைத் தடுக்க முடியாது. அது அமைப்பாகத் திரண்ட மக்களின் வேலை. ஏகாதிபத்தியப் போர்களை எதிர்க்கும் இயக்கம், பாலகர் சங்கத்தையும் தெருமுனை நூலகத்தையும் சிறுவர் நாடகக் குழுவையும் ஓய்வுநேர வேலையாகக் கருதக் கூடாது. ஒவ்வொரு கிளையும் தன் பகுதியில் குழந்தைகள் வாசிக்கவும் நடிக்கவும் ஓர் இடத்தை உருவாக்கட்டும். வெறுப்புக் கதைகள் வீடு வீடாகச் செல்லும் காலத்தில், அமல் ஆசைப்பட்ட அஞ்சற்காரனின் வேலையை இயக்கத் தோழர்கள் ஏற்க வேண்டும்.