குடியும் ஈரலின் துப்புரவும்



1911-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகர மருத்துவர் ஃபிராங்க் மலோரி, குடியால் கெட்ட கல்லீரலின் செல்களுக்குள் ஒழுங்கற்ற திட்டுகள் இருப்பதை நுண்ணோக்கியில் கண்டு எழுதினார். செல்லைத் தாங்கி நிற்கும் கெரட்டின் என்ற புரதம் உருக்குலைந்து, அகற்றுவாரின்றித் திரண்டு கிடப்பதே அந்தத் திட்டு. அவர் பெயர் அதற்கு இன்றும் நிலைத்திருக்கிறது.

சரி, அதை யார் அகற்றியிருக்க வேண்டும்? செல்தான். பழுதான பொருளை ஒரு சவ்வுப் பைக்குள் சுருட்டி, லைசோசோம் எனும் அமிலப் பையிடம் சேர்த்துக் கரைத்து, மிஞ்சுவதை மறுபடி பயன்படுத்திக்கொள்ளும். இதைத் தன்னுண்ணல் என்கிறார்கள். ஈஸ்டில் இதற்கான ஜீன்களைக் கண்டறிந்த ஜப்பானியர் யோஷினோரி ஓசுமிக்கு 2016-ல் நோபல் பரிசு கிடைத்தது.

குடிக்கிற மதுவில் பெரும்பங்கைச் சிதைப்பது ஈரல். அப்போது அசிட்டால்டிஹைடு என்ற நச்சு பிறக்கிறது, மைட்டோகாண்ட்ரியா அடிவாங்குகிறது, கொழுப்புத் துளிகள் சேர்கின்றன. எலிகளுக்கு ஒரே நாளில் மதுவை ஏற்றிப் பார்த்தபோது, தன்னுண்ணல் எனும் துப்புரவு வேலை தணியவில்லை, சூடுபிடித்தது! பழுதான மைட்டோகாண்ட்ரியாவும் கொழுப்பும் பைகளுக்குள் போயின. மருந்து கொடுத்து அந்த வேலையைத் தடுத்ததும் ஈரல் இன்னும் மோசமாகக் கெட்டது.

நாள் தவறாமல் குடித்தால் கதை மாறுகிறது. லைசோசோம்கள் குறைகின்றன, இருப்பவையும் சரியாக வேலை செய்வதில்லை. வண்டி தெருத்தெருவாகக் குப்பையை அள்ளுகிறது, கிடங்கோ பூட்டிக்கிடக்கிறது. ஈரலில் கொழுப்பு தங்குகிறது, அழற்சி வருகிறது, சிலருக்குத் தழும்பேறி ஈரல் இறுகிப்போகிறது.

அப்படியானால் தன்னுண்ணலை முடுக்கிவிட்டால் போதுமே என்று தோன்றும். 'ஈரலைச் சுத்தம் செய்யும்' டானிக் விற்பவர்களுக்கும் இப்படிச் சொல்வது வசதிதான். ஆனால் ஈரலில் நட்சத்திர செல்கள் என்றொரு வகை உண்டு. அவை தங்களிடமுள்ள கொழுப்பைத் தன்னுண்ணலால் எரித்து, அந்தத் தெம்பில்தான் தழும்பை உண்டாக்குகின்றன. ஒரு செல்லைக் காப்பது இன்னொன்றுக்குத் தீனி.

ஆகவே கைகொடுப்பது குடியை நிறுத்துவதுதான்: கொழுப்பு ஈரல் கட்டத்திலேயே நிறுத்தியவர்களுக்குச் சில வாரங்களில் கொழுப்பு வடியத் தொடங்குகிறது. தினமும் நிறையக் குடிப்பவர்கள் மட்டும் திடீரென நிறுத்தக் கூடாது, வலிப்பு வரலாம். மருத்துவரைப் பார்த்துவிட்டு நிறுத்துங்கள்.